கடத்தல் என்ற ஐந்தெழுத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்

தமிழ்ச் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சிகளிலும் தலைப்பு எழுதும் டெஸ்க் நண்பர்களுக்கு,

வணக்கம். பக்கம் முடிக்கும் அவசரத்தில் இருப்பீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தங்கக் கடத்தல், கஞ்சா கடத்தல், அரிசிக் கடத்தல், மணல் கடத்தல், செம்மரக் கடத்தல், சிலைக் கடத்தல், குழந்தை கடத்தல், விமானக் கடத்தல், மனிதக் கடத்தல் என்று நீங்கள் தினமும் எழுதிக்கொண்டிருக்கும் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். சண்டைக்கு வரவில்லை. ஒரு குறை சொல்ல வந்திருக்கிறேன், கூடவே ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

நான் மொழிபெயர்ப்பாளன். மனு, வாக்குமூலம், அரசுப் படிவம் இவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றித் தருவது பிழைப்பு. சில வருடங்களுக்கு முன்னால் செங்கல் சூளையிலிருந்து மீட்டுவரப்பட்ட குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலை வந்தது. ஒரு அலுவலகத்தின் வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் வந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, உள்ளங்கை முழுக்கச் செம்மண் ஏறிய வெடிப்பு. படிவத்தின் தலைப்பை வாசித்தேன். 'மனிதக் கடத்தலால் பாதிக்கப்பட்டவர் விவரம்.' அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எங்கள யாரும் கடத்தலையே சார், நாங்களேதான பஸ் ஏறிப் போனோம்" என்றார். பின்னால் நின்ற கணவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பக்கத்து மேசையில் இருந்த எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "கடத்தலே இல்லங்கறாங்க, அப்புறம் எதுக்கு இந்த ஃபாரம்?" என்று கேட்டார்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. கடத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நமக்குத் தெரியும். வேன் கதவு சர்ரென்று திறக்கும், கைக்குட்டையில் மயக்க மருந்து, வாயில் பிளாஸ்திரி. அவருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர், அண்ணன் என்று கூப்பிடும் அளவுக்குத் தெரிந்தவர், வீட்டுக்கே வந்து முன்பணம் கொடுத்திருக்கிறார். அடமானத்தில் இருந்த கம்மலைத் திருப்பவும் மாமியார் வைத்தியத்துக்கும் அந்தப் பணம் போய்விட்டது. சூளைக்குப் போனபின் கணக்குப் புத்தகம் முதலாளியிடம். எத்தனை ஆயிரம் கல் அறுத்தாலும் கடன் குறைவதில்லை. ஒரு சாவுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். சட்டப்படி இது அவருக்கு எதிராக நடந்த பெரிய குற்றம், ஆனால் அந்தக் குற்றத்துக்கு நாம் வைத்த தமிழ்ப் பெயர் அவருக்கு எட்டவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டினேன். கட என்றால் தாண்டு. கடத்து என்றால் தாண்டச் செய். நட, நடத்து, கிட, கிடத்து, அதே போலத்தான் கட, கடத்து. சாதாரணப் பிறவினை, பாவம், எந்தத் தப்பும் செய்யாத சொல். பள்ளிக்கூடத்தில் வெப்பக் கடத்தல் என்று படித்தோமே, அதில் எந்தக் குற்றமும் இல்லை. செம்பு நல்ல கடத்தி. குறைகடத்தி ஆலை வந்தால் அமைச்சரே போய் ரிப்பன் வெட்டுகிறார். வேலை செய்ய மனமில்லாதவன் நாளைக் கடத்துகிறான். சினிமா விமர்சனம் எழுதுகிறவர்கள் இப்போதெல்லாம் இயக்குநர் உணர்வைப் பார்வையாளனுக்குக் கடத்திவிட்டார் என்று எழுதுகிறார்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் சுங்க அதிகாரி வந்து அந்த உணர்வைப் பறிமுதல் செய்வது போலத் தோன்றும். (இது என் தொழில் வியாதி, விடுங்கள்.)

ஆக, அந்தச் சொல்லுக்குள் இருப்பது ஒன்றே ஒன்றுதான், இங்கிருந்து அங்கே போனது. யார் விற்றான், யார் வாங்கினான், என்ன விலை, யாருக்கு லாபம், எதுவும் அதில் கிடையாது. சட்டவிரோத வியாபாரம் எதுவானாலும் முதலில் அது வியாபாரம். நம் சொல்லிலோ வியாபாரமே இல்லை, சுமந்து போனவன் மட்டும் இருக்கிறான். செய்தியிலும் அவன் மட்டும்தான் இருக்கிறான். என் குறை இவ்வளவுதான், மீதியெல்லாம் உதாரணம்.

தங்கத்தை எடுத்துக்கொள்வோம். விமான நிலையத்தில் தங்கப் பசையோடு பிடிபடுகிறவரைக் 'குருவி' என்று சொல்லும் வழக்கம் சென்னையிலும் திருச்சியிலும் எல்லோருக்கும் தெரியும். போகவர டிக்கெட்டும் கொஞ்சம் கூலியும் வாங்கிக்கொண்டு யாருடைய சரக்கையோ உடம்பில் சுமக்கிற ஆள். குருவி, என்ன பொருத்தமான சொல் பாருங்கள், சுமக்கிறவனின் சின்ன உடம்பும் அவன் வந்து போகிற வேகமும் அதில் இருக்கிறது. நீங்கள் தலைப்பில் அவரைத் 'தங்கக் கடத்தல்காரர்' என்று எழுதுகிறீர்கள், தலை குனிந்த படத்தோடு. அதே வாரம் துறைமுகத்தில் ஒரு கம்பெனி கன்டெய்னர் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டி மாட்டிக்கொண்டால் அது 'வரி ஏய்ப்பு' ஆகிவிடுகிறது. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 2(39) பிரிவைப் பாருங்கள். 111 அல்லது 113-ஆம் பிரிவின் கீழ் சரக்கைப் பறிமுதல் செய்யும் நிலைக்குக் கொண்டுவரும் எந்தச் செயலும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும்கூட, கடத்தல்தான். மதிப்பைப் பொய்யாகக் காட்டிய சரக்கு 111-க்குள் வருகிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் பசை சுமந்த குருவியும் இன்வாய்ஸைத் திருத்திய கம்பெனியும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரித்து உட்கார வைத்தது நாம். ஏழைக்கு ஒரு சொல், ஏசி அறைக்கு ஒரு சொல்.

இது வியாபாரம்தான் என்பதற்கு இன்னொரு அடையாளம், 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் மீதான சுங்க வரியை 15 சதவிகிதத்திலிருந்து 6 சதவிகிதமாகக் குறைத்தார்கள். வெளியே வாங்கி உள்ளே விற்பவனுக்குக் கிடைத்துவந்த இடைவெளி ஒரே உரையில் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. குருவியின் திறமையோ அதிகாரியின் கண்ணோ அதில் மாறவில்லை. அந்த இடைவெளியைச் சொல்லாமல், பசை எந்த இடத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்பதை மட்டும் நான்கு பத்திக்கு எழுதினால் வாசகருக்கு என்னதான் புரியும்?

சரி, இது கூலிக்காரருக்கும் கம்பெனிக்கும் நடுவே உள்ள மரியாதைப் பிரச்சினை என்று நீங்கள் சொல்லலாம். செம்மரத்துக்கு வாருங்கள். 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காடு. ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து ஆட்கள். போலீஸ் தரப்பு சொன்ன சொல் கடத்தல்காரர்கள். ஊரில் சொன்ன சொல் மரம் வெட்டப் போன ஆள். கோடாலி பிடித்து, கட்டையைத் தோளில் வைத்து மலை இறங்குவதற்கு நாள் கூலி வாங்குகிறவன் அவன், அந்த மரம் கடைசியில் எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே அதை அறைகலனாகச் செய்கிறார்களா இசைக்கருவி செய்கிறார்களா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. வெட்டக்கூடாத மரத்தை வெட்டினான், அதற்கு வழக்குப் போடலாம், சிறையில் வைக்கலாம். ஆனால் 'கடத்தல்காரர்கள் 20 பேர் சுட்டுக்கொலை' என்று ஒரு வரி ஸ்க்ரோலிங்கில் ஓடும்போது வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அதைப் பார்க்கிறவருக்கு ஒரு சின்னத் திருப்தி வருகிறதே, 'மரம் வெட்டும் கூலிகள் 20 பேர் சுட்டுக்கொலை' என்று ஓடினால் அது வருமா? அன்று உங்களில் பலர் இரண்டாவது மாதிரிதான் எழுதினீர்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் காட்டில் பிடிபட்ட ஒவ்வொருவனும் கடத்தல்காரன்தான். வாங்கிய ஆளுக்கு உங்கள் பக்கத்தில் பெயர் இல்லை என்பதுகூடப் பரவாயில்லை, அவனைக் குறிக்க ஒரு சொல்கூட இல்லை.

சிலை விஷயம் நேர் எதிர். அங்கே வாங்கியவர் யார் என்று உலகத்துக்கே தெரியும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரைக் கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. பில் இருக்கிறது, பழைய உரிமைப் பத்திரம் என்று ஒரு போலிக் காகிதம் இருக்கிறது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அதை விற்ற நியூயார்க் வியாபாரிக்கு வேறொரு சிலை வழக்கில் 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. பூட்டை உடைத்ததிலிருந்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது வரை திருட்டு, போலிப் பத்திரம், விற்பனை, கொள்முதல் என்று நான்கைந்து செயல்கள். கப்பல் ஏற்றியது அதில் ஒரே ஒரு கண்ணி. மொத்தத்துக்கும் நாம் வைத்த பெயர் அந்த ஒரு கண்ணியின் பெயர். 'திருட்டுச் சிலையை வாங்கிய கலைக்கூடம்' என்று எழுதினால் பத்தி தன்னால் வேறு பக்கம் திரும்பும், எழுதிப் பாருங்கள்.

ரேஷன் அரிசி பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ரயில் இருக்கைக்கு அடியில் இரண்டு மூட்டை வைத்த பாட்டியும் அரிசியை பாலிஷ் போட்டு வேறு சாக்கில் கட்டி விற்கும் ஆலைக்காரரும் ஒரே தலைப்பில் வருகிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது என்னை உண்மையிலேயே உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். மனிதக் கடத்தல். ஆங்கிலத்தில் ஆளைத் தூக்குவதற்கு ஒரு சொல் (கிட்னாப்பிங்), ஆளை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு சொல் (ஸ்மக்ளிங்), ஆளைச் சரக்காக்கிச் சுரண்டுவதற்கு ஒரு சொல் (டிராஃபிக்கிங்) என்று மூன்று தனித்தனியாக இருக்கின்றன. ஐ.நா. 2000-இல் பின்னிரண்டுக்கும் தனித்தனி உடன்படிக்கையே போட்டது. நாம் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டோம். மூன்றாவது வகையில் எல்லை தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370, இப்போது 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 143, இரண்டுமே சொல்வது சுருக்கமாக இதுதான்: சுரண்டுவதற்காக, மிரட்டியோ ஏமாற்றியோ பணம் காட்டியோ ஒருவரை வேலைக்குச் சேர்த்தாலும், கொண்டுபோனாலும், தங்கவைத்தாலும், வேறொருவருக்கு மாற்றிவிட்டாலும், பெற்றுக்கொண்டாலும் குற்றம். கொண்டுபோவது ஐந்தில் ஒன்று. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது கணக்கிலேயே இல்லை. "நாங்களேதான பஸ் ஏறிப் போனோம்" என்று அந்தப் பெண் சொன்னது சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் அந்த வராந்தாவில் அவருடைய வழக்கே அந்த ஒரு வாக்கியத்தில் கவிழப் பார்த்தது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. சொல் எந்தப் படத்தைக் காட்டுகிறதோ அந்தப் படத்தைத்தான் ஊர் தேடும். 2018 மே மாதம் வாட்ஸ்அப்பில் 'குழந்தை கடத்தும் கும்பல் இறங்கிவிட்டது' என்று சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காக ஊரே கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். கார், வெளியூர் முகம், சாக்லேட். படம் அப்படியே பொருந்திவிட்டது அவர்களுக்கு. வதந்தியை நீங்கள் கிளப்பவில்லை, தெரியும். ஆனால் முன்பணத்தோடு வாசலுக்கு வருகிற தெரிந்த அண்ணனைப் பார்த்து எந்த ஊரும் இதுவரை கூடியதில்லை.

'அப்படியானால் கள்ள வணிகம் என்று எழுதட்டுமா' என்று ஒரு நண்பர் கேட்டார், உங்கள் துறைக்காரர்தான். கள்ள என்ற முன்னொட்டு நல்ல உழைப்பாளி, அதை மறுக்கவில்லை. கள்ளச்சாவி, கள்ளநோட்டு, கள்ள ஓட்டு, கள்ளச்சாராயம் என்று எதன் முன்னால் போட்டாலும் ஒட்டிக்கொள்கிறது. கள்ளச்சந்தை எனக்குப் பிடித்த சொல், ஏனென்றால் அதில் சந்தை இருக்கிறது, விற்கிறவனும் வாங்குகிறவனும் எதிரெதிரே நிற்கிறார்கள். 2021-இல் கொரோனாவுக்கான ரெம்டெசிவிர் ஊசிக்காக ஜனங்கள் வெயிலில் வரிசையில் நின்றபோது 'கள்ளச்சந்தையில் ரெம்டெசிவிர்' என்று எழுதினீர்கள், ஒரு குறையும் இல்லாத தலைப்பு அது. ஆனால் இந்தக் கள்ள பொருளோடு நிற்பதில்லை, மெல்ல ஆள் மேல் ஏறிவிடும். இலங்கையில் கள்ளத்தோணி என்ற சொல் அனுமதியில்லாமல் வரும் படகைக் குறித்து ஆரம்பித்து, தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் அழைத்துப்போன உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகள் மேல் வசையாகப் போய் உட்கார்ந்தது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியது, தெருவில் இந்தச் சொல் நிறுத்தியது. அதே கடலில் இன்னொன்று, கடல் அட்டை என்ற கடலுயிரியை இந்தியக் கரையில் பிடிப்பது 2001-லிருந்து குற்றம், எதிர்க்கரையில் உரிமம் இருந்தால் தொழில். மஞ்சள் மூட்டை இந்தப் பக்கம் கடைச்சரக்கு, 2020-இல் இலங்கை இறக்குமதியை நிறுத்திவைத்தபின் அந்தப் பக்கம் கடத்தல் பொருளாகிவிட்டது. கள்ளம் அட்டையிலும் இல்லை மஞ்சளிலும் இல்லை. ஆகவே கள்ள என்று போடுவதானால் வியாபாரத்துக்குப் போடுங்கள், ஆளுக்குப் போடாதீர்கள்.

இடம் இல்லை என்பீர்கள். மூன்று பத்தி அகலத் தலைப்பில் ஐந்தெழுத்துக்கு மேல் எங்கே போவது, வாசகருக்குப் பழகிய சொல்லை மாற்றினால் புரியாது என்பீர்கள். இடப் பிரச்சினை நிஜம்தான், தலைப்பு எழுதிப் பார்த்திருக்கிறேன், நகம் கடிக்க வைக்கும் வேலை. ஆனால் பழகிய சொல்லை மாற்றவே முடியாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஈழத்தில் போர்க்காலத்தில் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களைக் 'காணாமல் போனோர்' என்றுதான் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், அரசு அலுவலகத்தின் பெயர்கூட அப்படித்தான். அம்மாக்கள் விடவில்லை. என் பிள்ளை தானாகக் காணாமல் போகவில்லை, அவனை ராணுவத்தின் கையில் பிடித்துக் கொடுத்தேன், அவர்கள்தான் காணாமல் ஆக்கினார்கள் என்றார்கள். 2017-லிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உட்கார்ந்தார்கள். இன்று தமிழில் எழுதுகிற பெரும்பாலோர் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றுதான் எழுதுகிறோம், நாக்குச் சுளுக்குகிற சொல்லாக இருந்தும். போனோர் என்பதில் செய்தவன் இல்லை, ஆக்கப்பட்டோர் என்பதில் இருக்கிறான்.

புதுச்சொல் எதையும் நான் உருவாக்கிக்கொண்டு வரவில்லை, அந்த ஆசையும் இல்லை. நடந்ததை எழுதுங்கள் போதும். குழந்தையைத் தூக்கிப் போனால் தூக்கிப் போனார்கள் என்று எழுதுங்கள், ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துப்போய் விற்றார்கள் என்றால் 'குழந்தை விற்பனை' என்று எழுதுங்கள், விற்பனை என்று வந்துவிட்டாலே வாங்கியது யார் என்று நிருபரிடம் நீங்களே கேட்பீர்கள். சூளையிலும் ஆலையிலும் கடனுக்குக் கட்டிப்போட்டிருந்தால் கொத்தடிமை என்ற சொல் கையிலேயே இருக்கிறது, 1976-இலேயே அதை ஒழிக்கச் சட்டம் வந்துவிட்டது. வேலைக்கென்று அழைத்துப்போய் விற்றால் ஆள் விற்பனை. குருவி பிடிபட்டால் குருவி என்றே எழுதலாம், வாசகருக்குத் தெரியும். கன்டெய்னர் கம்பெனிக்குத்தான் கடத்தல் என்ற சொல்லை ஒரு நாள் தாராளமாகப் போட்டுப் பாருங்கள், அவர்களுடைய வக்கீல் நோட்டீஸ் வந்தால் 2(39)-ஐ எடுத்துக் காட்டலாம். வெளிநாட்டு விமானத்தைத் துப்பாக்கி முனையில் திருப்பிக்கொண்டு போனால் மட்டும் விமானக் கடத்தல் என்றே இருக்கட்டும், அதை மாற்றச் சொல்லி இன்னொரு மடல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அந்த வராந்தாவுக்கே திரும்பி வருகிறேன். எழுத்தர் மூடிய பேனாவைத் திறக்கவில்லை. நான் படிவத்தை ஓரம் வைத்துவிட்டு, "சரிம்மா, அங்க என்ன நடந்துச்சு, உங்க வாயாலயே சொல்லுங்க" என்றேன். முதல் சூளையில் ஒரு பருவம் முடியும் முன்பே மழை வந்துவிட்டதாம். கடன் மிச்சம். இரண்டாவது முதலாளி வந்து முதலாமவரிடம் அந்த மிச்சத்தைக் கட்டியிருக்கிறார், இவர்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "கடனோட எங்களக் கைமாத்தி விட்டுட்டாங்க சார்" என்றார். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "கைமாத்தினாங்களா? எவ்வளவுக்கு?" என்று கேட்டார். அவர் தொகையைச் சொன்னார், காசு எண்ணியபோது தான் பக்கத்தில்தான் நின்றிருந்ததாகவும் சொன்னார்.

பேனா திறந்தது. படிவத்தில் அடுத்த கட்டம், 'கடத்தப்பட்ட நாள், இடம்.' வாசித்துக் காட்டவில்லை. முன்பணம் எப்போது எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டேன். "பொங்கல் கழிஞ்சு மூணாம் நாளு, எங்க வீட்டுத் திண்ணையில" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தலைப்புகளைத் தினமும் காலையில் உரக்க வாசிக்கும் ஒருவன்